முழங்கால் உயரத்துப் பள்ளிக்கூடம்

எகி-தேரெக் நடுநிலைப் பள்ளி தரையை விட்டு மார்பளவு உயரத்துக்கு எழும்பியது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு செப்டம்பர் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, மூன்றாவது பீரியடில். கிர்கிஸ்தான் தனி நாடாகி அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஐந்தாம் வகுப்பில் கணக்கு நடந்துகொண்டிருந்தது. வாத்தியார் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. மணியடித்ததும் முதலில் ஓடிவந்த பையன், படி இருந்த இடத்தில் படி இல்லாததால், நேராக வெங்காயப் பாத்தியில் விழுந்தான். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான், சொட்டை விழுந்துவிட்டது, ஆனாலும் சுதந்திர நாட்டில் முதலில் விழுந்தவன் தான்தான் என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு ஊரில் பெரிய பேச்சு என்னவோ கடையில் சர்க்கரை வரவில்லை என்பதுதான். பள்ளிக்கூடம் மிதப்பதைப் பற்றி மறுநாள்தான் பேசினார்கள்.

பிறகு வானொலியில் சொன்னார்கள்: செங்கொடி இறங்கிய எல்லா நாட்டிலும் ஏதாவது ஒரு கட்டடம் இப்படிக் கிளம்பியிருக்கிறதாம். ஓரிடத்தில் ரயில் நிலையம், ஓரிடத்தில் பொதுக் குளியல் கூடம், இன்னோரிடத்தில் சர்க்கரை ஆலை. எந்த நாட்டுக்கு எது என்பது அந்தந்த நாட்டின் ராசி. எகி-தேரெக்குக்கு இது வாய்த்ததில் தலைநகரத்தாருக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல். அவர்களுடைய இசைநாடக அரங்கம், அத்தனை தூண்களோடும், ஒரு விரற்கடைகூட அசையவில்லை. கடலோர நாடுகளில் சில கட்டடங்கள் கூரைக்கு மேல் கூரை உயரம் போய்விட்டன, அங்கே ஏணி வைத்துத்தான் ஏறுகிறார்கள் என்று கேள்வி. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நாட்டில் கட்டடம் எழுந்த வாரமே இறங்கி, ஓடு வரைக்கும் மண்ணுக்குள் போய்விட்டதாம். மேலே ரோஜாச் செடி வைத்து, அதைப் பூங்கா என்று சொல்லிக்கொள்கிறார்களாம். எகி-தேரெக்காரர்கள் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பரிதாபத்தை வைத்துக்கொள்வார்கள். உள்ளுக்குள் அவ்வளவு பரிதாபம் இல்லை.

மிதக்கும் கட்டடத்தோடு குடித்தனம் நடத்துவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தண்ணீர்க் குழாயை அறுத்து நடுவில் ரப்பர் குழாய் போட்டார்கள். மின்கம்பியைத் தளர்த்திவிட்டார்கள். தரைக்குக் கீழே காற்று புகுந்து குழந்தைகளுக்குக் கால் விறைத்ததால், வீட்டுக்கு ஒரு கம்பளி விரிப்பு என்று கொண்டுவந்து போட்டார்கள். யார் வீட்டிலிருந்து புதியது வந்தது, யார் வீட்டிலிருந்து பூச்சி அரித்தது வந்தது என்பது இன்றைக்கும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. வெயில் காலத்தில் ஆடுகள் பள்ளிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. ஏறுவதற்குச் செங்கல் அடுக்கி மேலே ஒரு பலகை. எத்தனை செங்கல் என்பது அன்றன்றைய உயரத்தைப் பொறுத்தது. அதைக் காலையில் வந்து அளந்து அடுக்குவது துப்புரவுக்காரி அனார்கானின் வேலை.

அனார்கான் அந்த வேலைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அளக்கச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லவில்லை. பள்ளியின் கொடிக்கம்பம் மட்டும் தரையிலேயே நின்றுவிட்டது, அதனால் பள்ளியின் அடிவிளிம்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று கம்பத்தில் ஒரு கோடு போட்டு வைத்தால் செங்கல் எண்ணச் சௌகரியம் என்று அவளுக்குத் தோன்றியது. சுண்ணாம்பு மழையில் கரைந்தது. கரி காற்றில் போனது. கடைசியில் அவளுடைய நகப்பூச்சுதான் நின்றது. அன்றிலிருந்து முப்பது வருடம் அந்தப் பெண் விரலுக்குப் பூச்சுப் போட்டு யாரும் பார்த்ததில்லை. சந்தையில் வாங்கிய சிவப்பு, ஊதா, முத்து வெள்ளை எல்லாம் கொடிக்கம்பத்துக்கே போயின. மாஸ்கோவில் சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கும் அவள் புருஷன் தோலோன் வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவான். வரும்போது நாலு புட்டி நகப்பூச்சு வாங்கிவருவான். கம்பத்தைப் பார்த்து, “எனக்கு வாச்சவ கம்பத்துக்கு வாக்கப்பட்டிருக்கா” என்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், ஆனால் புட்டியை வாங்கி வைத்துக்கொள்வாள்.

அளக்க வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், எந்த நாடு எப்படி ஆளப்படுகிறது என்று கணக்கு வைக்கிறவர்கள். முதலில் வந்தவர்கள் இரண்டு டிராயர் வைத்த ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்தார்கள். ஒன்றில் மக்களாட்சி என்றும் மற்றதில் ஒற்றையாள் ஆட்சி என்றும் எழுதியிருந்தது. நாட்டின் பெயரை ஒரு சீட்டில் எழுதி, பள்ளி மார்பளவு இருந்ததால் முதல் டிராயரில் போட்டு மூடினார்கள். ஊரார் குதிரைப்பால் கொடுத்தார்கள். அதைக் குடித்த ஒருவர் இரண்டு நாள் கழிப்பறையை விட்டு வெளியே வரவில்லை. நாலு வருடம் கழித்துப் பள்ளி இடுப்புக்கு இறங்கியிருந்தபோது வேறு ஆட்கள் வந்து, சீட்டை எடுத்து இரண்டாவது டிராயரில் போடலாமா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். அதற்குப் பின் வந்தவர்கள் ஒன்று முதல் ஏழு வரை எண் கொடுத்தார்கள். அதற்கும் பின் வந்தவர்கள் எண்ணுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்து இன்னும் இரண்டு எண் கொடுத்தார்கள். பள்ளி யாருக்கும் காத்திருக்கவில்லை. ஒரு வசந்தத்தில் ஜனங்கள் திரண்டு அதிபரை விமானம் ஏற்றி அனுப்பியபோது ஒரே காலையில் மூன்று சாண் எழும்பியது. அடுத்தவர் வந்து தம்பிக்கும் மகனுக்கும் பதவி கொடுக்கக் கொடுக்கச் சரசரவென்று இறங்கி கணுக்காலுக்கு வந்தது. அவரும் ஒரு வசந்தத்தில் போனார், பள்ளி மறுபடி எழும்பியது. கம்பத்தில் சிவப்புக்கு மேல் ஊதா, ஊதாவுக்குக் கீழ் வெள்ளை என்று கோடுகள் சேர்ந்து, தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ கம்பத்துக்குக் காலுறை பின்னிப் போட்டதுபோல இருந்தது.

வந்தவர்களில் நிலைத்தவர் ஓலுஃப் என்ற டென்மார்க்காரர். ஒல்லி, இளவயதிலேயே வெள்ளைப் புருவம், பாடப்புத்தகத்திலிருந்து எழுந்து வந்ததுபோல ரஷ்ய மொழி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, தேர்தல் நாளாகப் பார்த்து, இரும்பு நாடாவோடு வருவார். அனார்கானின் கோடுகளைத் தன் நோட்டில் எழுதிக்கொள்வார், ஏனென்றால் தினமும் அளந்தவர் உலகத்தில் அவள் ஒருத்திதான். பெட்டியில் மூன்றாவதாக ஒரு டிராயர் வந்திருக்கிறது, அதற்குக் கலப்பு ஆட்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், உங்கள் நாடு அதில்தான் என்று அவர் ஒருமுறை சொன்னபோது அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“கலப்பா? பால்ல தண்ணி ஊத்தி விக்கிறவளாட்டமா இருக்கு எங்களப் பாத்தா?”

“இல்லக்கா, நடுவுல இருக்கீங்கன்னு அர்த்தம்.”

“நடுவுல நிக்கிறதுன்னா சும்மாவா? மேல போனவன் மேலயே இருக்கான், கீழ போனவன் படுத்துட்டான். நடுவுல நிக்கிறவனுக்குத்தான் தம்பி தினமும் கால் வலிக்குது. அதை எழுதிக்குங்க.”

அவர் எழுதிக்கொண்டார். அந்த வரி அறிக்கையில் வந்ததாகத் தெரியவில்லை.

இனி எசென்பெக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாவட்டத் தலைவர், இந்தப் பக்கத்தில் அக்கிம் என்பார்கள். அதே பள்ளியில், ஐந்தாம் வகுப்பில், அனார்கானுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து அவள் சடையை மை பாட்டிலில் முக்கியவன். பத்தொன்பது வயதில் அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். போன ஆள் தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தார். நடந்தது அவ்வளவுதான், ஆனால் ஊர் அதை முப்பது வருடமாகச் சூடு ஆறாமல் வைத்திருக்கிறது. தலைவரானபின் அவன் தொப்பி மற்றவர்கள் தொப்பியைவிட ஒரு விரல் உயரமாகிவிட்டது. தைத்துக் கொடுத்தவளே சொன்னாள்.

பள்ளி மிதக்கத் தொடங்கிய முப்பதாவது வருடம், வசந்தத்தில், மாவட்ட அலுவலகத்துக்கு ஓலுஃபிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முப்பது வருடம் ஆகிவிட்டது, மாறிக்கொண்டிருக்கும் நாடுகள் என்று இனி ஒரு பிரிவு வேண்டாம் என்று தன் அலுவலகத்தில் முடிவு செய்துவிட்டார்கள், நடு டிராயரை எடுத்துவிடப் போகிறார்கள், வரும் அக்டோபர் தேர்தலன்று மாலை நான்கு மணிக்குக் கடைசியாக ஒருமுறை அளந்து, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சீட்டைப் போட்டுக் கோப்பை மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தார். எசென்பெக் கடிதத்தை இரண்டு முறை படித்தான். பிறகு பள்ளிக்கு முன்னால் காங்கிரீட்டில் ஒன்பது படி கட்டச் சொன்னான். பள்ளி அப்போது முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. படியோ மார்பளவுக்குப் போனது, அளவெடுப்பதற்குள் பள்ளியை அங்கே ஏற்றிவிடலாம் என்பது அவன் நினைப்பு. கடைசிப் படிக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் சம்பந்தமே இல்லாமல் வெள்ளையடித்துக்கொண்டு நின்றது. அளவெடுத்த மறுவாரமே பள்ளிக்கு அடியில் பன்னிரண்டு தூண் ஊற்றி, அந்த உயரத்திலேயே கட்டடத்தை ஊன்றிவிடப் போவதாகக் கூட்டத்தில் அறிவித்தான். இனி ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, செங்கல் அடுக்கும் அவமானமும் இல்லை என்றான். நிறைய பேர் கைதட்டினார்கள். முட்டிவலிக்காரர்கள் உண்மையாகவே தட்டினார்கள்.

அனார்கான் அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தாள். ஊன்றிவிட்டால் பள்ளி இறங்காது, சரி. ஏறவும் ஏறாதே. நாளைக்குத் தலைநகரத்தில் யார் என்ன செய்தாலும், இந்த ஊரில் யார் என்ன செய்தாலும், கட்டடம் வாயைத் திறக்காது. அவள் மறுநாள் நேராக அலுவலகத்துக்குப் போய்க் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்தாள்.

“அக்கிம் அய்யா, ஒரு வார்த்தை.”

“சொல்லு அனார்கான். உக்காரு.”

“உக்கார வரல. அதுக்குத் தூண் போடாதீங்க. அது உசுரோட இருக்கற கட்டடம்.”

“அதுதான் பிரச்சினையே. உசுரோட இருக்கறதெல்லாம் எப்ப என்ன பண்ணும்னு தெரியறதில்ல.” சிரித்தான். “அப்புறம் அந்தக் கம்பம். அசிங்கமா இருக்கு. வெள்ளை பெயிண்ட் அடிச்சிரு. விருந்தாளி வராரு.”

“அடிக்க மாட்டேன்.”

“வேலை வேணாமா?”

“எசென்பெக்,” என்றாள் அவள், அய்யாவை விட்டுவிட்டு, “சடையத்தான் மையில முக்கின. அது அலசினா போச்சு. முப்பது வருஷத்த முக்கறதுக்குப் பாக்காத.”

அன்று மாலையே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த தலைமை ஆசிரியை கனிஷாய், நல்லவள், ஆனால் யார் சத்தமாகப் பேசினாலும் தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைக்கிறவள், காகிதத்தைக் கொடுத்துவிட்டு அழுதாள். அனார்கான்தான் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் காலையில் வழக்கம்போல வந்து செங்கல் அடுக்கினாள். வேலைதான் போயிருந்தது. கம்பத்துக்கு வெள்ளையடிக்க வேறு ஆள் தேடினார்கள். தேர்தல் வரைக்கும் ஊரில் எல்லாப் பெயிண்டர்களுக்கும் ஒரே நேரத்தில் தோள்பட்டை வலி வந்தது.

தேர்தலுக்கு நாலு நாள் முன்பு எசென்பெக் அஷார் கூப்பிட்டான். யாராவது வீடு கட்டினால், சுவர் எழுப்ப, கூரை வேய, தெருவில் நின்று அஷார் என்று கூவுவார்கள். வீட்டுக்கு ஒருவர் வந்தே ஆக வேண்டும். கூலி இல்லை, கூப்பிட்டவர் சோறு போட வேண்டும். கூப்பிட்டது பிடிக்காதவனாக இருந்தாலும் போக வேண்டும். போகாதவன் வீடு இடிந்தால் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். எகி-தேரெக்கில் இதை மறுத்தவர் என்று ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் பிறகு பக்கத்து மாவட்டத்துக்குக் குடிபோய்விட்டார். இந்த அஷார் எதற்கென்றால் பள்ளியின் சுமையைக் குறைக்க. மலையில் பொதிகுதிரை வைத்துப் பிழைத்த ஜனம். சுமையை இறக்கினால் குதிரை மேட்டில் ஏறும் என்பது அவர்களுக்குப் பிறந்தபோதே தெரிந்த விஷயம், அதனால் யாருக்கும் இதில் சந்தேகம் வரவில்லை. அனார்கான்கூட ஒரு கரும்பலகை தூக்கினாள். பெஞ்சுகள், இரும்பு அடுப்புகள், உலக உருண்டை, கம்பளி விரிப்புகள், விலங்கியல் அறையின் பாடம் பண்ணின ஓநாய் எல்லாம் மைதானத்துக்கு வந்தன. அப்போதும் பள்ளி அசையவில்லை, அதனால் பாடத்தையும் நிறுத்திக் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் அனார்கான் அளந்தபோது பள்ளி இரண்டு விரல் இறங்கியிருந்தது. எசென்பெக், இன்னும் கனம் இருக்கிறது என்றான்.

தேர்தல் நாள் நல்ல வெயில். எப்போதும்போலப் பள்ளிதான் வாக்குச்சாவடி. பழைய வழக்கப்படி ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள், வாசலில் மாவில் பொதிந்து சுட்ட இறைச்சி விற்றார்கள், பெண்கள் நல்ல உடை உடுத்தி வந்தார்கள். மதியம் வரை ஓட்டு ஒழுங்காக விழுந்தது. ஓலுஃப் பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்கியதும் எசென்பெக் அவரை வீட்டுக்கு அழைத்துப் போய், வேகவைத்த ஆட்டுத்தலையை விருந்தாளிக்கு உரிய மரியாதையோடு முன்னால் வைத்தான். அந்தத் தலையைச் சாப்பிட்டு முடிக்க எப்படியும் நாலு மணி ஆகும் என்பது அவன் கணக்கு. அவன் கிளம்பும் முன் சொல்லிவைத்தபடி, இரண்டு மணிக்கு அவனுடைய ஆட்கள் மூன்று பேர் பள்ளிக்குள் வந்து, கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது, அளவெடுக்கும் வரை எல்லாரும் வெளியேற வேண்டும் என்றார்கள். வரிசையில் நின்றவர்கள், கட்சிகளின் பார்வையாளர்கள், கண்காணிக்க உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், தேர்தல் பொறுப்பாளராக இருந்த கனிஷாய் எல்லாரும் பலகையில் கால் வைத்து இறங்கினார்கள். ஓட்டுப் பெட்டியும் அந்த மூன்று பேரும் மட்டும் உள்ளே. கதவைத் தாழிட்டார்கள்.

பள்ளி இறங்கியது. முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு வர ஒரு நிமிடம் ஆகியிருக்கும். செங்கல் அடுக்கு மண்ணுக்குள் போனது, பலகை முறிந்தது, ஆடுகள் எப்படியோ முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஓடிவிட்டன. தரையைத் தொட்டும் அது நிற்கவில்லை. ரொட்டி மாவுக்குள் கட்டைவிரல் இறங்குவதுபோலச் சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்கி, ஜன்னல் விளிம்பு புல்மட்டத்துக்கு வந்ததும் நின்றது. ஒன்பது வெள்ளைப் படிகளும் ஆகாயத்துக்கு ஏறி அங்கேயே முடிந்தன. ஜனங்கள் குனிந்து ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார்கள். மீன்தொட்டியில் பார்ப்பதுபோலத் தெரிந்தது. பெட்டி கவிழ்ந்து சுவரோரம் உருண்டு கிடந்தது. மூன்று பேரும் ஆளுக்கு ஒரு கட்டு, முன்னமே குறியிட்ட ஓட்டுச் சீட்டு, கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். அவர்களில் ஒருவன் எசென்பெக்கின் வண்டி ஓட்டுகிறவன். மேலே அவன் பெண்டாட்டி ஜன்னலருகே மண்டியிட்டிருந்தாள்.

“என்ன கையில?” என்றாள்.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததயா இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்க? வீட்டுக்கு வா, பேசிக்கறேன்.”

ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும்தான் பயம் வந்தது. மூன்று மணி ஆகப்போகிறது. நாலு மணிக்கு அளந்தால் இதுதான் கணக்கு. சீட்டு இரண்டாவது டிராயருக்குள் விழும், கோப்பு மூடும், பன்னிரண்டு தூணும் வேண்டியதில்லை, மண்ணே போதும். மேலே ரோஜாச் செடி வைக்க வேண்டியதுதான் என்று யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அனார்கான் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்த்தது இறங்கிய கோட்டை அல்ல, இறங்கிய வரிசையை. நாலு நாள் முன்பு ஓநாய் போனது, அடுப்பு போனது, இறங்கவில்லை. அன்றைக்குக் குழந்தைகளை அனுப்பியபின்தான் இரண்டு விரல் இறங்கியது. இன்று ஆட்களை அனுப்பினார்கள், முழுசாக இறங்கிவிட்டது. இரண்டு அதிபர்கள் ஓடிய அந்த இரண்டு வசந்தத்திலும், பள்ளி எழும்பிய காலையில் ஊரே என்ன செய்வது என்று பேச வகுப்பறைகளில் கூடியிருந்தது. முப்பது வருடம் கோடு போட்டவளுக்கு அதைக் கோர்த்துப் பார்க்க ஒரு மூச்சு நேரம் போதுமாக இருந்தது. அவள் வெள்ளைப் படியில் ஒன்பதும் ஏறி, ஒன்றுமில்லாத அந்த உச்சியில் நின்று, வாயைக் குவித்துக் கூவினாள்.

“அஷார்! என் வீட்டு அஷார்! வீட்டுக்கு ஒருத்தர் இல்ல, எல்லாரும் வாங்க! தூக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, உங்களத்தான் நீங்களே தூக்கிட்டு உள்ள வரணும்!”

“சோறு?” என்று ஒரு குரல் கேட்டது. கால்நடை மருத்துவர்தான்.

“என் கிடாயை அறுத்துருங்க டாக்டரே, அதுக்கு நீங்கதான் ஆளு!”

அவளிடம் இருந்தது அந்த ஒரே கிடாய். தோலோன் வரும்போது அறுக்க என்று வளர்த்தது. அஷார் என்று கூவியபின் யாருக்கும் வேறு வழி இல்லை. முதலில் கனிஷாய், யாரும் எதிர்பார்க்காத கனிஷாய், பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குள் கால் விட்டு இறங்கினாள். உள்ளே அவள் கால் பட்டதும் பள்ளி ஒரு கோதுமை மணி நீளம் எழும்பியது. வண்டிக்காரன் பெண்டாட்டி இறங்கினாள், இன்னொரு மணி. சொட்டைத் தலையன் இறங்கினான், இந்த முறை விழாமல். ஊன்றுகோல்காரர்களை மேலேயிருந்து இருவர் கொடுக்க, கீழேயிருந்து இருவர் வாங்கினார்கள். எதிர்க்கட்சிக்காரன், ஆளுங்கட்சிக்காரன், ஓட்டே போடாத சோம்பேறி, கைக்குழந்தைக்காரி எல்லாரும் இறங்கினார்கள். அனார்கான் கம்பத்தருகே குத்துக்காலிட்டு நகப்பூச்சோடு உட்கார்ந்துவிட்டாள். அடிவிளிம்பு மண்ணுக்குள் இருந்தவரை ஜன்னல் விளிம்பைப் பார்த்து, ஆளுக்கு ஒரு கோடு. குண்டானவருக்கு அதிகம் இல்லை, குழந்தைக்குக் குறைச்சல் இல்லை, பள்ளிக்கு அந்த வித்தியாசமே தெரியவில்லை. ஜன்னலில் இறங்க வேண்டியிருந்தது சிறிது நேரத்தில் வாசலில் நுழையும்படி ஆனது, பிறகு ஏறும்படி ஆனது. உள்ளே கனிஷாய் மூன்று கட்டுச் சீட்டையும் வாங்கி, எல்லார் முன்னாலும் கோணல்மாணலாகக் கிழித்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்து, விட்ட இடத்திலிருந்து வரிசையைக் கூப்பிட்டாள்.

நாலு மணிக்கு எசென்பெக் விருந்தாளியை அழைத்துக்கொண்டு வந்தான். ஊர் முழுக்கக் கட்டடத்துக்குள் இருந்தது. ஜன்னல்தோறும் தலைகள், உள்ளே யாரோ பாடினார்கள், வெளியே அண்டாவில் கிடாய் வெந்துகொண்டிருந்தது. பள்ளி முழங்காலுக்கு ஒரு கோதுமை மணி குறைவாக நின்றது. கிழிந்த காகிதம் ஜன்னல் வழியாகப் பறந்து வந்து எசென்பெக்கின் காலணியில் ஒட்டிக்கொண்டது, அதைப் பார்த்தான்.

“அஷார் கூப்பிட்டிருக்கேன்,” என்றாள் அனார்கான், எழுந்திருக்காமலே. “உன் வீட்லேருந்து இன்னும் யாரும் வரல.”

அவன் குனிந்து காலணியிலிருந்து காகிதத்தை எடுத்தான். மறுத்துவிட்டுப் பக்கத்து மாவட்டத்துக்குப் போனவரை நினைத்திருப்பான். அல்லது ஐந்தாம் வகுப்பை. தொப்பியைக் கழற்றினான், வாசல் தாழ்வு என்பதால் கழற்ற வேண்டியிருந்தது, உள்ளே ஏறினான். பள்ளி எழும்பியது. அனார்கான் விளிம்பைக் கம்பத்தோடு ஒட்டிப் பார்த்தாள். ஒரு கோதுமை மணி. அக்கிம் என்பதற்காகக் கூடவும் இல்லை, செய்ததற்காகக் குறையவும் இல்லை. அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் முத்து வெள்ளைப் புட்டியைத் திறந்தாள்.

ஓலுஃப் நாடாவை வைத்து அளந்தார். பிறகு நாடாவைப் பிடித்துக்கொண்டே நின்றார், ஏனென்றால் சிலர் சோற்றுக்கு வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருக்க, எண் கையிலேயே மாறிக்கொண்டிருந்தது.

“எதைக்கா எழுதறது?”

“எத்தனை மணிக்குன்னும் சேத்து எழுதுங்க தம்பி. உள்ள எத்தனை பேருன்னும் எழுதுங்க. இல்லாட்டி அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.”

ஊர் அன்றிரவு கலையவில்லை, ஓட்டுச் சீட்டை எண்ணி முடிக்கும் வரை உள்ளேயே இருந்தது. விடிந்தபோது ஜெயித்தவர் பெயரைச் சொன்னார்கள். உள்ளபடி சொன்னால் அவரும் அப்படியொன்றும் பெரிய ஆள் இல்லை. ஆனால் அவர் ஜெயித்தது நிஜம், அதை இருநூற்று நாற்பது பேர் பார்த்திருந்தார்கள். ஓலுஃப் எழுதிய அறிக்கையை அவர் அலுவலகம் திருப்பி அனுப்பியது, இதை எந்த டிராயரிலும் போட முடியாது என்று. அவர் மறுபடியும் அதையே அனுப்பினார். கோப்பு இன்னும் மூடவில்லை. அவர் இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்றில்லாமல் ஒவ்வொரு அக்டோபரும் வருகிறார். ஆட்டுத்தலையை மட்டும் வேண்டாம் என்கிறார். எசென்பெக்கை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அவன் போகும் முன் தூண்களுக்கு வந்த சிமெண்டைப் பள்ளிக் கழிப்பறைக்குக் கொடுத்தான், அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. ஒன்பது படியும் அப்படியே நிற்கிறது. கல்யாணமான ஜோடிகள் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், நல்ல வெளிச்சம் என்கிறார்கள். அனார்கானை நிறுத்திய காகிதம் கனிஷாயிடமிருந்து தொலைந்துவிட்டது. எங்கே தொலைந்தது என்று கேட்டால் அவள் இப்போதெல்லாம் அழுவதில்லை, அடுப்பைக் காட்டுகிறாள்.

தோலோன் அந்தக் குளிர்காலத்தில் வந்தபோது கிடாய் இல்லை. நாலு புட்டிக்குப் பதில் எட்டுப் புட்டி வாங்கிவந்திருந்தான், செய்தி மாஸ்கோ வரைக்கும் போயிருக்கிறது. பள்ளி இறங்கவும் ஏறவும் செய்கிறது. அக்கம்பக்கத்தில் யாராவது பள்ளி இறங்குகிறது என்று சொன்னால், எகி-தேரெக்கில் அடுப்பைத் தணித்துவிட்டு இரண்டு பேர் போய் உள்ளே உட்கார்ந்துவிட்டு வருவார்கள். பால் கறப்பதுபோல அதுவும் ஒரு வேலை. நேற்று ஐந்து செங்கல். இன்று காலை அனார்கான் வந்து அளந்து, ஆறு அடுக்கி, பலகையை மேலே போட்டு, கம்பத்தில் ஊதாவில் ஒரு கோடு இழுத்தாள். மிச்சமிருந்த பூச்சைக் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் கட்டைவிரல் நகத்தில் தடவிக்கொண்டாள். பிறகு மணியடித்தது, குழந்தைகள் ஏறிக்கொண்டார்கள்.